குதிகால் வைக்காத சாக்ஸ்

என் உடம்பைப் பற்றி நான் சொல்லும் எதையும் என் வீட்டில் நம்புவதில்லை. காய்ச்சல் இல்லை என்று நான் சொன்னால், என் மனைவி கோமதி நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவாள். மதியம் நன்றாகச் சாப்பிட்டேன் என்றால் டிபன் காரியரைத் திறந்து பார்ப்பாள். இந்த அவநம்பிக்கையை நான் நியாயமாகவே சம்பாதித்தேன். எப்படிச் சம்பாதித்தேன் என்று எழுதிவைத்தால், எதைக் கேட்டாலும் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிப் பழகிய என்னைப் போன்ற ஆண்பிள்ளைகளுக்குப் பயன்படலாம். அதைச் சொல்வதென்றால் நான் ஆஸ்பத்திரியில் படுத்துக்கிடந்த நாட்களைச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு நாற்பத்தோரு வயது. கல்கத்தாவில் ஒரு வங்கியில் அதிகாரி, பாலிகஞ்சில் இரண்டாவது மாடியில் வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது. மகள் மீனா ஏழாம் வகுப்பில் இருந்தாள். தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியத்தை வங்காளியில் முடிப்பாள். கோமதிக்குக் கரியாஹாட் சந்தைக் காய்கறிக்காரரோடு வாதாடி ஜெயிக்கும் அளவுக்கு வங்காளி பேச வரும். எழுதப் படிக்க வராது.

நவம்பர் கடைசியில் மூன்று நாள் வயிற்றுப்போக்கு இருந்தது, தானே நின்றது. பத்து நாள் கழித்து ஒரு காலையில் பஸ் ஏறும்போது, என் கால் படியின் மேல் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அதையும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கதவைத் திறந்த கோமதி என் காலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொன்றில் இல்லை. எங்கே கழன்றது என்று எனக்கே தெரியாது. தெருவெல்லாம் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன். "ஒண்ணுமில்ல, வார் அறுந்துபோச்சு" என்றேன். மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. கீழ்வீட்டுக்காரர்கள் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போய் டாக்ஸியில் ஏற்றினார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டின் நடு வரிசையில் எனக்குக் கட்டில் கிடைத்தது. பெரிய டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. முதுகுத்தண்டில் ஊசி செலுத்திக் கொஞ்சம் நீர் எடுத்துச் சோதித்தார்கள். இரண்டு நாளில் விவரம் சொன்னார். மின்சாரக் கம்பிக்கு மேலே உறை இருப்பதுபோல நரம்புக்கும் ஒரு உறை உண்டு. வயிற்றுக்கு வந்த கிருமியோடு சண்டை போடப் போன உடம்பு, ஆள் அடையாளம் தெரியாமல் தன் நரம்பு உறையையே தின்ன ஆரம்பித்துவிடுகிறது. பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். ஓர் இடத்தில் நிற்கும். பிறகு உறை மெதுவாக வளரும், பெரும்பாலானோர் எழுந்துவிடுவார்கள். மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டும். மார்புவரை ஏறி மூச்சை நிறுத்தாமல் இருக்க வேண்டும், அதுதான் பயம்.

அதனால் தினமும் காலையில் ஒரு பரீட்சை. நன்றாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்ப்பார். எந்த மொழியில் வேண்டுமானாலும் எண்ணலாம் என்றார், நான் தமிழில் எண்ணினேன். முதல் நாள் முப்பத்திரண்டு. பிறகு இருபத்தேழு, இருபத்திரண்டு, பத்தொன்பது. பதினைந்துக்குக் கீழே போனால் மூச்சு இயந்திரம் இருக்கும் அறைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போக எனக்குப் பயம். ஆகவே வேகமாக எண்ணிப் பார்த்தேன். டாக்டர் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, நொடிக்கு ஒன்று என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நோயை ஏமாற்ற முடியாது, டாக்டரை ஏமாற்றலாம் என்று நினைக்கிற புத்தி எனக்கு.

பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு. கோமதி இரண்டு மணிக்கே வந்து கீழே கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அங்கே அவளுக்குப் பழக்கமானவர்தான் பௌதி. பௌதி என்றால் அண்ணி. என் பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஹாரான் பாபுவின் மனைவி, காளிகாட்டிலிருந்து வருபவர். அவர் பெயரை நாங்கள் கடைசிவரை கேட்கவில்லை. வந்ததும் கணவருக்கு ஒரு ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகக் கொடுப்பார், அடுத்த ஆரஞ்சு எனக்கு. அது முடிந்ததும் பையிலிருந்து இரண்டு ஊசியும் கம்பளி நூலும் வெளியே வரும். பேச்சு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும், கண் கணவர்மேல் இருக்கும்.

கோமதி பதினாறு வருடமாக டிராமிலும் பஸ்ஸிலும் பின்னல் போடும் வங்காளிப் பெண்களைப் பார்த்துச் சிரித்தவள். இந்த ஊர்க் குளிருக்குத் தோளில் ஒரு துண்டு போதாதா என்பாள். அவள் நம்பிக்கை வேறு இடத்தில் இருந்தது. எங்கள் ஊரில் கால் மரத்துப்போனால், சுளுக்கினால், குளிரில் விறைத்தால், எல்லாவற்றுக்கும் ஒத்தடம்தான். தவிட்டையும் உப்பையும் வறுத்துத் துணியில் கட்டி, சூடு பறக்க ஒற்றி எடுப்பது. என் கால் இரண்டும் செங்கல்போலச் சில்லிட்டுக் கிடப்பதைத் தினமும் தொட்டுப் பார்த்தவள், ஒருநாள் என் பழைய வேட்டித் துணியில் கட்டிய மூட்டையோடு வந்துவிட்டாள். வெந்நீர் போடும் ஆயாவைக் கெஞ்சி வார்டுக்குப் பின்னால் இருந்த அடுப்பில் சூடு பண்ணிக்கொண்டு, ஸிஸ்டர் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்துப் பாதத்தில் வைத்தாள். கரியாஹாட் முழுக்கத் தவிடு தேடி அலைந்திருக்கிறாள்.

"சூடு பத்துதா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் மூட்டையை வைத்ததும் எடுத்ததும் கண்ணால் பார்த்ததுதான். ஆனால் டாக்டர் நோயைச் சொன்ன நாளிலிருந்து கை பிசைந்துகொண்டு நின்றவள், அன்றுதான் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்த முகத்தோடு இருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இதமா இருக்கு. இன்னும் கொஞ்சம் சூடா இருந்தாலும் தாங்கும்" என்றேன்.

மூட்டையை மறுபடி அடுப்பில் போட்டு எடுத்துவந்தாள். இந்தத் தடவை இரண்டு குதிகாலுக்கும் அடியில் வைத்து, மேலே போர்வையை இழுத்து மூடி, மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். போகும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. நான் நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஸிஸ்டர் போர்வையை எடுத்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினார். இரண்டு குதிகாலிலும் பெரிய கொப்புளங்கள். வலது காலில் தோலே வழன்றிருந்தது. வார்டு முழுக்கக் கேட்கும்படி டாக்டர் கத்தினார். யார் செய்தது என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. பகல் முழுவதும் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன். யாரோ வெந்நீர்ப் பையை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம் என்று.

சாயங்காலம் கோமதி வந்தாள், காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு போன டாக்டரிடம் தானே நேராகப் போனாள். "ஆமி கொரேசி" என்றாள். நான்தான் செய்தேன் என்று அர்த்தம். ஆயாவை இழுக்கவில்லை, தெரியாமல் நடந்தது என்றுகூடச் சொல்லவில்லை. வங்கியில் மேலதிகாரிகளுக்கு விளக்கம் எழுதி எழுதித் தேர்ந்த எனக்கு, அந்த இரண்டு வார்த்தை வந்திருக்காது. படுத்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

டாக்டரின் கோபம் இறங்கிவிட்டது. உணர்ச்சி இல்லாத காலுக்குச் சூடு தெரியாது, ஆனால் தோல் வெந்துதான் போகும் என்று பொறுமையாக விளக்கினார். அவ்வளவு சூடு எதற்கு வைத்தீர்கள் என்று கேட்டார். அவர்தான் இன்னும் சூடு தாங்கும் என்றார் என்று கோமதி சொன்னாள். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நகர்ந்துவிட்டார்.

கோமதி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"மொதல்ல வச்ச சூடாவது தெரிஞ்சுதா?"

"தெரியல."

"பொறவு எதுக்கு இதமா இருக்குன்னு சொன்னீங்க?"

கேட்டுவிட்டுத் தயிர்சாதத்தைப் பிசைந்து ஊட்டினாள். நாலு நாளைக்கு 'வாயைத் தொறங்க' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஐந்தாம் நாள் ஒரு வாக்கியம் சொன்னாள். "இனிமே உங்க வாயைக் கேக்க மாட்டேன், உங்க காலைத்தான் கேப்பேன்."

நோய் பதினேழில் நின்றது. மூன்று நாள் பதினேழாகவே இருந்து, நாலாம் நாள் பத்தொன்பது எண்ணினேன். டாக்டர் என் தோளைத் தட்டினார். பலமிழந்திருந்த கைவிரல்கள் பழைய நிலைக்கு வந்தன. கிறிஸ்துமஸ் கழிந்தபோது முழங்காலை மடக்க முடிந்தது. முழங்காலுக்குக் கீழே மட்டும் ஒன்றும் இல்லை. பாதத்துக்கு உணர்ச்சி வரவில்லையென்றால், தரையைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருக்கும், இருட்டில் நடக்கவே முடியாது, வருமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். பஸ் படி என் கண் முன்னால் வந்தது.

இதற்கு நடுவில் குளிர். போர்வை புண்ணில் உரசக் கூடாது என்று காலுக்கு மேல் ஒரு இரும்புக் கூண்டு வைத்திருந்தார்கள், அதற்குள் ஜனவரிக் காற்று தாராளமாக வந்து போயிற்று. சாக்ஸ் போடலாமா என்று கோமதி கேட்டாள். குதிகாலுக்கு இரண்டு வேளை மருந்து கட்ட வேண்டும். கால் கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்து எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்லும் சோதனையும் தினமும் உண்டு. ஆகவே குதிகாலும் விரலும் திறந்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

வழி சொன்னவர் தபன் பாபு. என் காலைப் பிடித்து மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்க வருபவர். ஐம்பது வயது, உருண்டுதிரண்ட தோள், வீட்டு மாடியில் சாயங்காலம் யோக வகுப்பும் நடத்திவந்தார். அவருடைய வகுப்பில் சிவப்புச் சிமெண்டுத் தரை. குளிர்காலத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது, சாக்ஸ் போட்டால் வழுக்கும். அதனால் மாணவர்கள் பழைய சாக்ஸில் விரல் பக்கத்தையும் குதிகாலையும் வெட்டிவிட்டுப் போட்டுக்கொள்வார்களாம். குதிகாலும் விரல்நுனியும் தரையைப் பிடித்துக்கொள்ளும், நடுப்பாதத்துக்குச் சூடு கிடைக்கும். அதைப்போல ஒன்று செய்யுங்களேன் என்றார்.

வெட்டுவானேன், நானே பின்னித் தருகிறேன் என்றார் பௌதி. கோமதி தலையை ஆட்டி மறுத்தாள். காலைச் சுட்டது நான், காலுக்குப் போடுவதையும் நானே செய்கிறேன், சொல்லிக்கொடுங்கள் என்றாள். பௌதி உடனே தன் பையிலிருந்து இன்னொரு ஜோடி ஊசியை எடுத்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் கரியாஹாட்டிலிருந்து அரக்குச் சிவப்பில் கம்பளி நூல் வந்தது.

பௌதி பார்வையாளர் சீட்டின் பின்பக்கத்தில் செய்முறையை வங்காளியில் எழுதிக் கொடுத்தார். வீட்டில் மீனா அதைப் படிக்கப் படிக்கக் கோமதி தமிழில் எழுதிக்கொண்டாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஊசியில் ஐம்பத்தாறு கண்ணி, அதாவது நூல் வளையம், ஏற்ற வேண்டும். இரண்டு நேர்ப்பின்னல், இரண்டு எதிர்ப்பின்னல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் துணி வரிவரியாக வரும். இழுத்தால் நீளும், விட்டால் காலைக் கவ்விக்கொள்ளும். கணுக்கால்வரை வந்ததும் இரண்டு ஓரத்திலும் பதினாலு கண்ணியை விட்டுவிட்டு நடுவில் இருபத்தெட்டை மூடிவிட வேண்டும். அடுத்த வரிசையில் அதே இடத்தில் புதிதாக இருபத்தெட்டு ஏற்ற வேண்டும். அதுதான் குதிகாலுக்கு ஜன்னல். பிறகு பாதம், விரலுக்கு முன்னால் முடிவு. விரித்தால் நீளத் துணி, மடித்து மூட்டினால் சாக்ஸ். மூட்டும் தையல் பாதத்தின் மேல்பக்கம் வரும், ஆகவே துணியின் நடுப்பகுதி உள்ளங்காலுக்கு வரும். அங்கே எதுவும் உறுத்தக் கூடாது. நூல் தீர்ந்தால் புதுநூலை வரிசையின் ஓரத்தில்தான் சேர்க்க வேண்டும் என்பதைப் பௌதி இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தாராம்.

முதல் மூன்று நாள் பின்னியது எல்லாம் பிரிக்கப்பட்டது. வரி ஒரு பக்கம் சாய்ந்தது, கண்ணி குறைந்தது, ஒருநாள் அறுபது ஆகியிருந்தது. எங்கிருந்து நாலு வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பௌதி ஒவ்வொரு முறையும் ஊசியை உருவி, சர்ரென்று நூலை இழுத்துப் பிரித்து, மறுபடி அவள் கையில் கொடுப்பார். கோமதி முகம் சுளிக்காமல் முதலிலிருந்து ஏற்றுவாள். நானாக இருந்தால் இரண்டாம் தடவையே கடையில் வாங்கிவந்து நானே பின்னியதாகச் சொல்லியிருப்பேன். அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். நோய்க்குப் பயந்து நான் எண்ணிய எண்ணிக்கைகளைவிட அந்த ஐம்பத்தாறு எனக்கு ஆறுதலாக இருந்தது.

வலது கால் சாக்ஸ் எட்டு நாளில் முடிந்தது, இடது கால் ஐந்தே நாளில். இரண்டையும் போட்டுவிட்டபோது, கூண்டுக்குள் அரக்குச் சிவப்பாக இரண்டு பாதமும், வெளியே நீட்டிக்கொண்டிருந்த பத்து விரலும் பார்க்க வேடிக்கையாக இருந்தன. ஹாரான் பாபுவுக்குச் சிரிப்பில் இடுப்பு வலித்தது. கதகதப்பாக இருக்கிறதா என்று அவர் கேட்டார். நான் கோமதியைப் பார்த்தேன். தெரியவில்லை என்றேன்.

அதற்குள் நான் அப்படிச் சொல்லப் பழகியிருந்தேன். கோமதி தினமும் தன் பங்குக்கு ஒரு சோதனை வைப்பாள். துண்டால் என் கண்ணைக் கட்டிவிட்டு, எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்பாள். காலையில் டாக்டரிடம் குத்துமதிப்பாக மேலே, கீழே என்று சொல்லிப் பாதி மதிப்பெண் வாங்கியவன் நான். அவளிடம் பலிக்கவில்லை. யாரும் எதையும் தொடாமலிருக்கும்போது 'நடுவிரல்' என்று சொல்லி ஒருமுறை மாட்டிக்கொண்டேன். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அதைச் சொல்லிட்டா நான் ஒண்ணும் செத்துப்போயிட மாட்டேன்" என்றாள். அதன்பிறகு அந்த வார்த்தையைச் சொல்வது சுலபமாகிவிட்டது.

ஜனவரி மூன்றாவது வாரம், குதிகால் புண் ஆறித் தோல் மூடியதும், நிறுத்திப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். தபன் பாபு பார்வையாளர் நேரத்திலேயே வந்தார். கட்டிலின் ஓரத்தில் என்னை உட்காரவைத்து, ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். இன்னொரு பக்கம் கோமதி. பௌதி பின்னலை மடியில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். மூன்று எண்ணி என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். கீழே தரை இருக்கிறது என்று கண் சொல்லிற்று, கால் சொல்லவில்லை. குனிய வேண்டாம், எதிர்ச் சுவரைப் பாருங்கள் என்றார் தபன் பாபு. சுவரைப் பார்த்தேன்.

என் எடை முழுவதும் காலில் இறங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அப்போது இடது பக்கத்தில் ஏதோ ஒன்று. வலி என்று சொல்ல முடியாது. கல்லின் மேல் நிற்பதுபோல ஒரு சின்ன உறுத்தல், இருந்தது, போயிற்று, மறுபடி இருந்தது. இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். பொய் என்று நினைப்பாளோ என்று பயமாக இருந்தது.

"இடது கால்ல என்னமோ குத்துது" என்றேன்.

கோமதி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "எங்க குத்துது?"

"உள்ளங்கால்ல. நடுவுல, கொஞ்சம் உள்பக்கமா."

அவள் என் கையைத் தபன் பாபுவிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். என் இடது காலைத் தூக்கி, விரல் பக்கமாகக் கையை விட்டு சாக்ஸைத் தடவினாள். பிறகு அப்படியே காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செருப்பு தொலைந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை.

பௌதிதான் எங்களுக்கு விஷயத்தைச் சொன்னார். இடது சாக்ஸில் நூல் தீர்ந்தபோது கோமதி மறதியாக வரிசையின் நடுவிலேயே புதுநூலைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். முந்தின நாள் கீழே கூடத்துப் பெஞ்சில் மூட்டும்போதுதான் கவனித்திருக்கிறாள். பௌதி பிரிக்கச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு நிறுத்திப் பார்க்கப் போகிறார்கள், பிரித்தால் அதற்குள் முடிக்க முடியாது, அவருக்குத்தான் காலில் ஒன்றும் தெரியாதே என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டாளாம். அந்த முடிச்சு இருப்பது இந்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

தபன் பாபு சிரித்துக்கொண்டே, உறுத்துகிறதென்றால் கழற்றிவிடலாம் என்று குனிந்தார். ஒரு கண்ணி தவறினால்கூட முதலிலிருந்து ஏற்றிய கோமதி, அவர் கையைத் தடுத்தாள்.

"தாக், தபன் தா" என்றாள். இருக்கட்டும் தபன் அண்ணா என்று அர்த்தம்.

என் காலை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழுந்து என் கையை மறுபடி தன் தோளில் போட்டுக்கொண்டாள். "குத்துதா?" என்று கேட்டாள். குத்துது என்றேன். இந்தத் தடவை அவள் தொட்டுப் பார்க்கவில்லை. அந்த முடிச்சின் மேல் முப்பது எண்ணும்வரை நின்றேன். எண்ணியது கோமதி.